அரை இஞ்சு பித்தளை எல்போ

சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த ஹார்டுவேர் கடையில் இரண்டு வருடம் இருந்தேன். என் கணக்கில் அது நீண்ட காலம். ஒன்பதாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். திருப்பூரில் சாயப்பட்டறை, பிறகு பொன்முடியில் தேயிலைக் கொழுந்து மூட்டை சுமப்பது. எங்கும் என்னைத் தேடி யாரும் கூப்பிட்டதில்லை. இந்தக் கடையில் கூப்பிட்டார்கள்.

காரணம் கம்ப்யூட்டர். சாமான்களின் பெயரை ஆளுக்கொரு வரிசையில் ஏற்றி வைத்திருந்தார்கள். எல்போ என்றால் குழாயை வளைத்துத் திருப்பும் மூட்டு; அது ஒரு வரியில் 'பித்தளை எல்போ 1/2', இன்னொன்றில் 'எல்போ 3/4 பித்தளை'. அதே வரிசையில் அடித்தால்தான் கிடைக்கும். கிடைக்காதபோது முதலாளி, நான் சரக்கு கட்டும் மாடிக் கிடங்கைப் பார்த்துக் குரல் கொடுப்பார். நான் இறங்கி வந்து, இருக்கிறதா, எத்தனை பெட்டி என்று சொல்வேன். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது.

பிறகு பில் போட களியக்காவிளையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தவள். ஒரு வாரம் இந்தக் கூப்பாட்டைக் கேட்டுவிட்டு, தேடும் இடத்தில் ஒரு வரி எழுதினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அடைப்புக்குறி, கேள்விக்குறி, சமக்குறி, புள்ளி, நட்சத்திரம்.

"ரெகுலர் எக்ஸ்பிரஷன் அண்ணே. மொத சொல்லு வரியில எங்கயாவது இருக்கான்னு பாக்கும். இருந்தா திரும்ப தொடக்கத்துக்கே வந்து அடுத்த சொல்லத் தேடும். எல்லாம் இருந்தாப் போதும், வரிசை வேண்டாம்."

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒன் மூளைய உள்ள ஏத்திட்டா, கேட்டியா. இனி நிம்மதியா சாக்கு தூக்குடே."

மூன்று நாள் யாரும் கூப்பிடவில்லை. மாடியில் நின்று அவள் தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய டிபன் பாக்ஸைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

நான்காம் நாள் ஒரு சீட்டு மேலே வந்தது. விழிஞ்ஞத்தில் சின்ன வீடுகளுக்குக் குழாய் போடும் பிளம்பருக்கு ஒன்றரை இஞ்சு பித்தளை எல்போ, நாற்பது. அவர் எப்போதும் அரை இஞ்சுதான் எடுப்பார். பார்த்ததுமே விளங்கிவிட்டது. அவளுடைய வரி 1/2 எங்கே இருந்தாலும் ஒப்புக்கொள்ளும். 1 1/2-க்குள்ளும் அது இருக்கிறது. இரண்டு சாமான் வந்திருக்கும், அவள் மேலே இருந்ததைத் தொட்டிருப்பாள். ஒரு குரல் கொடுத்தால் போதும். நான் சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றினேன்.

மத்தியானம் பிளம்பர் சாக்கோடு திரும்பி வந்தார். "அடுக்களைப் பைப்புக்குக் கேட்டா ஆன நொழையிற எல்போ தந்து விட்டிருக்கியளே."

முதலாளி கடை முழுக்கக் கேட்கும்படி அவளைத் திட்டினார். "இன்னொருக்க இப்பிடி வந்தா ஊருக்கு பஸ் ஏறிக்க."

அவள் அழவில்லை. படியேறி என்னிடம் வந்தாள்.

"கட்டும்போ பாக்கலியா அண்ணே?"

"சீட்டுல உள்ளதக் கட்டினேன்."

அவள் கீழே போய், அரைக்கு முன்னால் வேறு எண் இருந்தால் அதை விட்டுவிடும்படி ஒரு குறி சேர்த்தாள். ஐந்து நிமிட வேலை. என்னைக் கூப்பிட்டு, "நீங்களே அடிச்சுப் பாருங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்தாள்.

குறிகளுக்கு நடுவே ஒற்றை விரலால் அடித்தேன். எல்போ, அரை, பித்தளை. இப்போதும் இரண்டு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒன்றுதான் வந்தது.

"என்னடே, செரியா?" என்றார் முதலாளி.

"செரிதான்."

அடுத்த வாரம் துறைமுக வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்விட்டேன். முதலாளி இருக்கச் சொல்லவில்லை.