பாலித்தீன் உறை போட்ட பின்சீட்டு

இன்று காலை, லிங்கராஜபுரம் வீட்டு ஷெட்டில் நிற்கும் அப்பாவின் பழைய அம்பாசிடரைப் புதுப்பிக்க, முதலில் பின்சீட்டைக் கழற்ற உட்கார்ந்தேன். வண்டி வாங்கியபோது வந்த பாலித்தீன் உறை இன்னும் அதன் மேல் இருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் மொறமொறவென்று கிழிந்தது. வெயிலில் வெந்த பிளாஸ்டிக்கும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனை வந்தது.

சின்ன வயதில் வேர்த்த தொடை அந்த உறையில் ஒட்டிக்கொள்ளும். நகர்ந்தால் சத்தம் கேட்டு அப்பா கண்ணாடியில் முறைப்பார். வண்டியைத் தினமும் கழுவுவார். மழை நாளில் மட்டும் வெளியே எடுக்க மாட்டார்.

அப்படியொரு நாளில் அம்மாவுக்கு மூச்சிரைப்பு முற்றியது. நான் வண்டிச் சாவியை எடுத்து நீட்டினேன். அப்பா வாங்கவில்லை.

"மழைத்தண்ணி பட்டா அடியில துரு ஏறிடும்டா. ஓடிப்போய் ஆட்டோ கூட்டிட்டு வா."

அம்மா சுவரைப் பிடித்தபடி சொன்னாள்: "உங்க மூத்த சம்சாரம் நனைய வேணாம். நானே நனையறேன்."

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் புடவை முழுக்க நனைந்துவிட்டது. பிழைத்து வந்தாள். ஆனால் சாகும்வரை அந்த வண்டியில் ஏறவில்லை. சர்ச்சுக்கும் பஸ்ஸில்தான் போனாள்.

சீட்டைத் தூக்கினேன். ரெக்ஸின் புத்தம் புதிதாக இருந்தது. வண்டியின் உள்தரையிலும் அப்பா பாலித்தீன் விரித்திருந்தார். தினமும் கழுவிய தண்ணீர் அதற்கடியில் தேங்கி, தகடு முழுவதும் துருவேறிச் சல்லடையாகியிருந்தது.

காபியோடு வந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அய்யோ, மாமா இத மழையிலயே ஓட்டினாரா என்ன?"

"ஒரு நாள்கூட இல்ல" என்றேன்.