பிறக்காத பிள்ளைக்கு ஒரு செல்

என் வளைகாப்புக்கு அண்ணன் பெங்களூரிலிருந்து வந்தபோது வளையல், பூ, பழத்தட்டு எல்லாம் ஜீப்பின் பின்னால் இருந்தன. அதைவிடப் பெரிதாக நினைத்த ஒன்றை அவன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். பெண்கள் எனக்கு வளையல் போட்டுவிட்டுச் சாப்பிட நகர்ந்த பிறகு, என்னை ஓரமாக அழைத்து வழவழப்பான ஒரு தாளை நீட்டினான். அதில் வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று பல்லில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

"பாப்பா, இது தாய்மாமன் சீரு. கொழந்த பொறந்ததும் தொப்புள்கொடியில கீற ரத்தத்த எடுத்து, அதுக்குன்னு ஒரு பேங்க் கீது, அங்க பத்திரமா வெச்சுடுவாங்க. அதுல ஸ்டெம் செல் கீது. பின்னாடி ஏதாவது பெரிய வியாதி வந்தா அத வெச்சு வைத்தியம் பண்ணலாம். பணத்தப் பத்தி நீ யோசிக்காத. சரின்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வரவில்லை.

நான் விலங்கியல் படித்தவள். மலையில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை. செல்லைக் கரும்பலகையில் வட்டமாக வரைந்து, நடுவில் உட்கரு வைத்துப் பாகம் குறிக்கிறவள். அதனால் அண்ணன் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததுதான் தொல்லை. வேண்டாம் என்று சொல்லி, நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது வந்துவிட்டால்? சரி என்று சொன்னால், எதற்கென்றே தெரியாமல் பயத்தில் தலையாட்டியதாகாதா? பரீட்சையில் விடையை எழுதி, அடித்து, மறுபடி அதையே எழுதுகிற பெண் நான். கொடி ரத்தம் பிடித்து அனுப்பும் பெட்டியை அந்த பேங்கிடம் முன்கூட்டியே வாங்கி ஆஸ்பத்திரியில் கொடுக்கவேண்டும் என்று அண்ணன் அவசரப்படுத்தினான். எனக்கோ எட்டாம் மாதம் முடியப்போகிறது.

என் கணவர் புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு ஜீப் ஓட்டுகிறவர். அவரைக் கேட்டால், "உனக்கு எது நிம்மதியோ அதப் பண்ணு" என்பார். நிம்மதி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் நான் ஏன் அவரைக் கேட்கப்போகிறேன்?

எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னலில் மட்டும்தான் டவர் கிடைக்கும். போனைக் கையில் எடுத்தால் பேச்சு அறுந்துவிடும். அதனால் ஜன்னல் திட்டில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அடுப்புச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசவேண்டும். அண்ணன் தினமும் சாயங்காலம் கூப்பிட்டான். "செல் எடுத்து வெக்கறது நம்ம கடமை பாப்பா", "ஒருதரம் வெச்சிட்டா செல் பல வருஷம் கெடாது", இப்படியே பேசுவான். என் மாமியார் சாமை புடைத்துக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போவார். முறம் மட்டும் கொஞ்சம் ஓங்கித் தட்டும்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "குடுத்து வெச்ச புள்ள. இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள மாமங்காரன் செல்லு வாங்கித் தர்றானாமே!"

அதற்குள் ஜன்னலில் போன் அடித்தது. நான் எழுந்திருக்கும் முன் மாமியார் போய் எடுத்துவிட்டார்.

"தம்பி, நல்லா கீறியா? நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. புள்ளைக்கு செல்லெல்லாம் வேணாம்."

"அத்த, அப்படிச் சொல்லாதீங்க. நாளைக்கு அதான் புள்ளயோட உயிரக் காப்பாத்தும்."

"செல்லு எந்த உயிரக் காப்பாத்திச்சி? எம் புள்ள வண்டி ரிப்பேராகி காட்டுல நின்னப்ப ஒரு கோடு டவர் வரல."

"டவரா? அதுக்கு டவர் இன்னாத்துக்கு அத்த? அத ஃபிரிட்ஜ்ல இல்ல வெப்பாங்க!"

"செல்ல ஃபிரிட்ஜ்ல வெப்பாங்களா?"

"ஆமா அத்த. ரொம்பக் குளிர்ல. பல வருஷம் அப்படியே கெடக்கும்."

மாமியார் போனை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்கண்ணனுக்கு ஒடம்பு நல்லாத்தான கீது?"

எனக்குச் சிரிப்பு வெடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வயிற்றுக்குள் பிள்ளை எட்டி உதைத்தது. "அத்த, அது இந்த செல்லு இல்ல" என்று சொல்ல வாயெடுத்தால் மறுபடி சிரிப்புதான் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா என்னவென்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தாள். போனுக்குள்ளிருந்து அண்ணன் "அலோ, அலோ, இன்னா ஆச்சு? வலி வந்துடுச்சா?" என்று அலறினான். விஷயம் புரிந்ததும் அவனும் சிரித்த சிரிப்பில் போன் திட்டில் அதிர்ந்தது. வளைகாப்புக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

மாமியாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். "சரி, எனக்கு வெளங்கற மாதிரி சொல்லு. அது இன்னா செல்லு?"

நான் சொன்னேன். உடம்பு எப்படிச் சின்னச் சின்ன அறைகளால் ஆனது, கொடி ரத்தத்தில் இருப்பது எப்படிப் புது ரத்தத்தை உண்டாக்கும் என்று வகுப்பு எடுத்தேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"யாருக்கு ஒடம்பு சரியில்லன்னா அதப் போடுவாங்க?"

"புள்ளைக்கே, அத்த."

"இன்னா நோவுக்கு?"

"ரத்தத்துல வர்ற சில நோய்க்கு."

"எல்லாத்துக்குமா?"

அங்கே நின்றுவிட்டேன். ஒரு மாதமாகப் படுத்தாலும் எழுந்தாலும் இதையே யோசித்தவள், இதை மட்டும் யோசிக்கவில்லை. 'ஏதாவது வந்துவிட்டால்' என்பதோடு என் யோசனை நின்றிருந்தது. அந்த 'ஏதாவது' என்னவென்று நான் கேட்டதே இல்லை.

அடுத்த முறை திருப்பத்தூருக்குப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். எங்கள் இரண்டு குடும்பத்திலும் ரத்த நோய் யாருக்காவது உண்டா என்று விசாரித்தார். இல்லை என்றேன்.

"இருந்துச்சுன்னா, குறிப்பா மூத்த கொழந்தைக்கு அப்படி ஏதாவது இருந்தா, நானே எடுத்து வைக்கச் சொல்வேன். உங்களுக்கு அது தேவைப்படறது ரொம்ப அபூர்வம். பிறவியிலேயே வர்ற நோய்னா, அந்தக் கோளாறு கொடி ரத்தத்துலயும் இருக்கும். அத வெச்சு அந்தக் கொழந்தைக்கே வைத்தியம் பண்ண முடியாது."

பிறகு இன்னொன்று சொன்னார். பிள்ளை பிறந்ததும் கொடியை உடனே வெட்டாமல், துடிப்பு அடங்கும்வரை விட்டால் அந்த ரத்தம் பிள்ளைக்கே போகும். ரத்தசோகை வராமல் இருக்க அது நல்லது. அப்படி விட்ட பிறகு சேமிக்கப் பார்த்தால் சேமிக்க மிஞ்சுவது குறையும். நிறையச் சேமிக்கவேண்டும் என்று சீக்கிரம் வெட்டினால் பிள்ளைக்குப் போவது குறையும்.

"நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க மேடம்?"

"நானா? எங்கம்மாவக் கேட்டுட்டு, அவங்க சொன்னதுக்கு நேர்மாறா பண்ணுவேன்" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "பயந்துக்கிட்டு முடிவெடுக்காதீங்க. ரெண்டுல எது எடுத்தாலும் நீங்க கெட்ட அம்மா கெடையாது."

திரும்பும்போது ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். புளிமூட்டைகளுக்கு இடையில் பின்னால் ஜனம் நெருக்கியடித்துப் பேசிக்கொண்டு வந்தது. ஏற்றத்தில் கியர் மாற்றிக்கொண்டே கணவர் என்னைப் பார்த்தார். "வேணாம்னு சொல்லிடலாம்" என்றேன். "சரி" என்றார். அடுத்த வளைவில், "வேணாமா?" என்று நானே கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். வீடு வருவதற்குள் இன்னும் இரண்டு தடவை மாறி, கடைசியில் வேண்டாம் என்பதிலேயே வந்து நின்றேன்.

அண்ணனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வேண்டாம் என்றதை அவன் முழுதாகக் கேட்டுக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "எங்க ஆபீஸ்ல எல்லாரும் அவங்கவங்க புள்ளைக்குப் பண்ணிக்கீறாங்க பாப்பா. எந்தங்கச்சி புள்ளைக்கு மட்டும் இல்லைன்னு ஆய்டக்கூடாதுன்னு பாத்தேன்."

"இல்லைன்னு ஆவலண்ணா. அந்த ரத்தம் அதுக்கேதான் போவப்போவுது. டாக்டர் சொன்னத அப்படியே சொல்றேன், கேளு" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ பயந்து சொல்றியா, யோசிச்சு சொல்றியா?"

"ரெண்டுந்தான்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டான். கோபமா இல்லையா என்று தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க அவன் கூப்பிடவில்லை. ஜன்னல் திட்டு சும்மாவே கிடந்தது.

வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று விடியும்போதே அவன் வந்துவிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது. உள்ளே எனக்கு நேரம் காலம் ஒன்றும் நினைவில்லை. பிள்ளையை என் வயிற்றின்மேல் போட்டதும் அதன் சூடும் வழுக்கலும்தான் நினைவிருக்கிறது. பெண் பிள்ளை. டாக்டரம்மா என் விரலைப் பிடித்துக் கொடியின்மேல் வைத்தார். முறுக்கிய கயிறுபோல் தடித்து, நீலம் பாரித்து, ஈரமாக இருந்தது. உள்ளே துடித்தது. பிள்ளை அழுதது, நானும் அழுதேன், என் விரலுக்கடியில் அது துடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. கொடி வெளுத்துத் துவண்டது. "இப்ப வெட்டலாமா?" என்று டாக்டர் கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொன்னேன்.

வார்டுக்கு வந்தபோது அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தான். பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. நர்சை மறித்து, "சிஸ்டர், கொடி துடிப்பு நின்னப்பறந்தான வெட்டினீங்க?" என்றான். அவர் ஆமாம் என்ற பிறகுதான் மூச்சு விட்டான். நான் சொன்னதில் தொடங்கி, அந்த வாரம் முழுக்க இதையே தேடிப் படித்திருக்கிறான். காலையிலிருந்து தாழ்வாரத்தில் காத்திருந்த மற்ற மாப்பிள்ளைகளையும் பிடித்துக் கொடியை அவசரப்பட்டு வெட்டக்கூடாது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தானாம்.

பிள்ளையைக் கையில் வாங்கினான். உள்ளங்கையை விரித்துப் பார்த்தான், உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தான். பிள்ளை மூக்கைச் சுளித்து வீறிட்டு அழுதது. முகமெல்லாம் மாதுளம் முத்தாய்ச் சிவந்தது.

"பாருங்க அத்த, எப்படி செவந்து கீறா!" என்று பக்கத்தில் நின்ற என் மாமியாரிடம் தாழ்வாரத்துக்கே கேட்கும்படி கத்தினான். "ஒரு சொட்டு பாக்கி வெக்கல, அத்தனையும் உள்ள போய்டுச்சு!"