சுறாவுக்கு இரை, செல்லூரில் வீடு

சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு மாட்டுத்தாவணியில் ராமேசுவரம் பேருந்தில் ஏறினேன். மண்டபம் வரை ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். பயணச்சீட்டு நூற்று இருபது ரூபாய். மாமியாருக்கு வாங்கிய மல்லிகைப்பூ வெயிலில் வாடாமலிருக்க ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கைப்பையில் ஒரு சிறு பொட்டலம் ஜரிகை நூல் இருந்தது. சேலைக்கு அல்ல, தூண்டிலுக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்குத் திருமணமாகி எட்டு மாதமாகிறது. மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். தங்குவது பெண்கள் விடுதியில். என் கணவர் முனீஸ் மண்டபத்தை அடுத்த கடற்கரை ஊர்க்காரர். டிப்ளமா படிக்க மதுரைக்கு வந்தார், என்னைப் பார்த்தார், படிப்பு முடிந்ததும் கடலுக்குத் திரும்பிப் போனார். பலத்த காற்றால் கடலுக்குப் போகத் தடை இருக்கும் நாட்களில் என்னைப் பார்க்க வருவார். விடுதிக்குள் ஆண்களை விட மாட்டார்கள். அதனால் எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதி மாட்டுத்தாவணி சிமெண்டு பெஞ்சில்தான் நடந்திருக்கிறது. இரண்டு டீ, ஒரு பொட்டலம் கடலை, அடுத்த ராமநாதபுரம் வண்டி வரும்வரை பேச்சு.

செல்லூரில் ஒரு வீடு பார்த்திருந்தேன். மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, பின்னால் குழாய். கீழே வீட்டுக்காரம்மா குடும்பம் இரண்டு விசைத்தறி வைத்திருக்கிறது. அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒத்தப் பொண்ணுக்கு வீடு குடுத்து எங்களுக்குப் பழக்கமில்ல. ஞாயித்துக்கெழம சாயந்தரம் ஒங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வந்து காட்டும்மா. சாவிய வாங்கிக்க."

எங்கள் குடும்பம் மேலூர்ப் பக்கம் ஊரார் வயலில் நாற்று நட்ட குடும்பம். அதில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதலில் மாதச் சம்பளம் வாங்கியவளும் நான். தன் பெயரில் ஒரு நகரத்து வீட்டை வாடகைக்கு எடுக்கும் முதல் ஆளும் நானாகவே இருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டேன். "ஞாயித்துக்கெழம கண்டிப்பா வாரேன்" என்று முனீஸ் போனில் சத்தியம் செய்திருந்தார். அவரைக் கையோடு கூட்டி வரத்தான் இந்தப் பயணம்.

திருப்புவனம் தாண்டியதும் வயல்கள் தரிசாகிக் கருவேலங்காடாக மாறின. பரமக்குடியில் பத்து நிமிடம் நின்றது. ராமநாதபுரம் கடந்து உச்சிப்புளிக்கு வந்தபோது தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் வானம் திடீரென்று காலியாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் கடல் இருப்பதை முதல்முறை வரும் யாரும் கண்டுகொள்வார்கள். நாங்கள் சமவெளிக்காரர்கள், எங்கள் வானத்தின் ஓரத்தில் எப்போதும் அழகர்மலையோ யானைமலையோ உட்கார்ந்திருக்கும். ஓரத்தில் ஒன்றுமே இல்லாத வானம் எனக்கு இன்னும் பழகவில்லை.

ஆறரை மணிக்கு மண்டபத்தில் இறங்கினேன். முனீஸ் பைக்கோடு நின்றிருந்தார். சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"என்ன?"

"காத்து அடங்கிருச்சு செல்வி."

பத்து நாட்களாகப் பலத்த காற்று. யாரும் கடலுக்குப் போகவில்லை. இன்று மதியம்தான் தடையை எடுத்திருக்கிறார்கள். அவர் வேலை பார்க்கும் படகின் டிரைவர் சேகர் அண்ணன் நாளைக் காலையே புறப்படுகிறாராம். மூன்று நாள் சுறாத் தூண்டில்.

"வரமாட்டேன்னு சொல்லிரவா?" என்றார்.

"மொத வீட்டுக்குப் போவோம். பூ வாடுது" என்றேன்.

சாப்பிடும்போது மேற்கொண்டு விளக்கினார். சுறாத் தூண்டிலுக்கு உயிருள்ள இரை வேண்டும். செத்த மீனையும் முள்ளில் கோக்கலாம்தான். ஆனால் சேகர் அண்ணன் துடிக்கிற மீனைத்தான் நம்புவார். அதை ஜெட்டிப் பாலத்தில் நின்று விடியற்காலையில் பிடிக்க வேண்டும். பத்தரை மணிக்குள் தொட்டி நிறைந்தால் படகு போகும். அதற்கு மேல் வெயிலேறினால் மீன் பாலத்தின் தூண்களை விட்டு ஆழத்துக்குப் போய்விடும். அன்றைக்குப் புறப்பாடு கிடையாது.

"நெறையலைன்னா?" என்று கேட்டேன்.

"ஒங்கூட வாரேன்."

ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஜெட்டியில் இருந்தோம். கடலுக்குள் ஏறக்குறைய இருநூறு மீட்டர் நீண்டு போகும் கான்கிரீட் பாலம் அது. தூண்களில் சிப்பி அப்பியிருந்தது. பாலத்தின் தொடக்கத்தில் பிடிக்கக் கூடாத சுறாக்களின் படங்களை ஒரு பலகையில் வரைந்து வைத்திருந்தார்கள். அம்மணி உழுவை என்கிற புள்ளிபோட்ட பெரிய திமிங்கிலச் சுறா முதலில் இருந்தது. பாலத்தின் நுனியில் படகு கட்டிக் கிடந்தது. அதன் பக்கத்தில் பாலத்தின் மேலேயே பாதியாக அறுத்த நீல பிளாஸ்டிக் பீப்பாயில் கடல்தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். அதுதான் தொட்டி.

இப்போது ஜரிகை. ஒரே நைலான் நரம்பில் ஐந்து சிறிய தூண்டில் முட்கள். ஒவ்வொரு முள்ளிலும் ஒரு விரற்கடை ஜரிகையைக் கட்டிவிட வேண்டும். இரை எதுவும் வேண்டாம். தண்ணீருக்குள் இறக்கி மெல்ல ஏற்றி இறக்கினால், மின்னுவதைப் பொடிமீன் என்று நினைத்துப் பாரைக்குஞ்சுகள் பாய்ந்து கடிக்கும். பிஸ்கட் உறைத் தாளைக் கிழித்துக் கட்டுவதுதான் அங்கே வழக்கம். மதுரை ஜரிகை அதைவிட நன்றாக மின்னும் என்று முனீஸுக்கு ஒரு நம்பிக்கை. வீடு பார்க்கப் போன அன்று தறியில் மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கியிருந்தேன்.

சேகர் அண்ணனுக்கு நாற்பது வயதிருக்கும். ஜரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏ மாப்ள, மீனுக்குப் பட்டுச்சேல கட்டிவிடப் போறியா?"

"ஒங்களுக்கு ஒரு கஜம் மிச்சம் வைக்கிறேண்ணே" என்றேன் நான்.

"தங்கச்சிக்கு வாய் மதுர வாய்தான். கை எப்புடின்னு பாப்போம்."

கண்மாயில் கெண்டையும் விராலும் பிடித்து வளர்ந்த கை இது. ஒரு தூண்டிலை வாங்கிக்கொண்டு பாலத்தின் நடுவில், யாரும் இல்லாத இடத்துக்குப் போனேன். முதல் இழுப்பிலேயே இரண்டு பாரைக்குஞ்சு. உள்ளங்கை நீளம், வெள்ளி உடல், மஞ்சள் வால். அதன் பின் வந்துகொண்டே இருந்தது. ஏழரை மணிக்குள் ஒரு கொத்து சேர்த்துவிட்டேன். எங்கள் ஊரில் செய்வதுபோலவே ஒரு தென்னை ஈர்க்கை எடுத்துச் செவுள் வழியாக விட்டு வாய் வழியாக எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வந்தேன். கையில் தூக்கிப் பிடித்தபோது வரிசை பார்க்க அழகாக இருந்தது. பெருமையோடு நுனிக்கு நடந்தேன்.

சேகர் அண்ணன் பார்த்தார். முனீஸும் பார்த்தார். படகில் தூண்டில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த இருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"தங்கச்சி, குழம்புக்கா, சுறாவுக்கா?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் மீன் பிடித்தால் அடுத்தது அடுப்புதான். பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வராது. என் கையிலிருந்த அத்தனையும் செத்துக்கிடந்தன.

படகில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சேகர் அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். பாதிகூட நிறையவில்லை.

"இம்புட்டு நேரம் ஒரு தூண்டில் வீணாப் போச்சே மாப்ள. தங்கச்சியக் கொறை சொல்லல. கண்மாய்க்காரிக்கு வேற என்ன தெரியும்?"

கண்மாய்க்காரி என்ற சொல் என்னைச் சுட்டது. முனீஸ் என்னைத் தள்ளி அழைத்துப்போனார். அவர் முகத்தில் கோபம் இல்லை. சந்தோஷத்தை மறைக்கிற சிரமம்தான் இருந்தது.

"நல்லதாப் போச்சு செல்வி" என்றார் மெதுவாக. "மணி எட்டாகப் போகுது. இனிமே நெறையாது. நீ சும்மா எம்பக்கத்துல உக்காரு. பன்னெண்டு மணி வண்டிக்குக் கெளம்பிருவோம்."

உட்கார்ந்தேன். பாலத்தின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு, தோளோடு தோள் இடிக்க. கீழே தூண்களைச் சுற்றித் தண்ணீர் பச்சையாகச் சுழன்றது. எட்டு மாதத்தில் பேருந்து எப்போது வரும் என்று திரும்பிப் பார்க்காமல் நாங்கள் உட்கார்ந்திருந்தது அன்றுதான். சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார். கிழக்கு என்றேன். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். வாசலில் பைக் நிறுத்த இடமிருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அந்த அரை மணி நேரத்தில் அந்த வீட்டில் பல நாள் வாழ்ந்துவிட்டேன்.

பிறகுதான் அவர் கையைக் கவனித்தேன். தூண்டிலை இறக்கியிருந்தாரே தவிர அசைக்கவில்லை. ஜரிகை தண்ணீருக்குள் செத்த இலைபோலத் தொங்கியது. ஒரு குஞ்சு தானாக வந்து இழுத்தபோது, அது கடிக்கும் முன்பே வெடுக்கென்று தூக்கிவிட்டார். எனக்காகத் தப்பவிடுகிறார்.

அந்தப் பக்கம் சேகர் அண்ணன் ஒருவரே இரண்டு தூண்டிலை மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தார். பத்து நாள் வருமானம் இல்லாத மனிதர். இடையிடையே வாளியில் கடல்தண்ணீர் மொண்டு தொட்டியில் ஊற்றினார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் அம்மா நடவுக்கு ஆள் வந்து சொன்னால் காய்ச்சலோடு எழுந்து போவாள். கூப்பிட்ட நாளில் போகாதவர்கள் எங்கள் வீட்டில் யாருமில்லை. மற்றவர்களின் ஒரு நாளைத் தின்றுவிட்டு ஒரு சாவியை வாங்க எனக்கு மனம் வரவில்லை. கண்மாய்க்காரி என்று சொன்னதும் உள்ளே இருந்தது. எது அதிகம் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது.

முனீஸ் கையிலிருந்த தூண்டிலைப் பிடுங்கினேன்.

"என்னடி பண்ற?"

"இரை பிடிக்கிறேன்."

"நாந்தான் ஒங்கூட வாரேன்னு சொன்னேன்ல."

"சொன்னீங்க."

"வீடு?"

"வீட்டுக்காரம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"பேசுவ. ஒனக்கு அதச் சொல்லியா தரணும்?" என்றார். பிறகு எழுந்து போய் இன்னொரு தூண்டிலை எடுத்து வந்தார். இந்த முறை உண்மையாகவே இழுத்தார்.

அவர் பிடித்ததை முள்ளிலிருந்து உலுக்கித் தொட்டிக்குள் விழச் செய்தார். நானும் அப்படியே செய்தேன். கை படாமல் உலுக்க வேண்டும், பட்டால் செதில் உரிந்து மீன் வாழாது. பத்து மணிக்குத் தொட்டிக்குள் வெள்ளி வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சேகர் அண்ணன் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

"கண்மாய்க்காரி தேறிட்டா மாப்ள. அடுத்த தடவ நீ வீட்டுல இரு, நான் தங்கச்சியக் கூட்டிப் போறேன்."

ஈர்க்கில் கோத்த மீன்களை முனீஸ் ஐஸ் போட்டுப் பையில் கட்டித் தந்தார். "வறுத்துத் தின்னு. நீ பிடிச்சது" என்றார். படகு ஜெட்டியை விட்டு விலகியபோது நான் போனில் வீடியோ எடுத்தேன். கையை அசைத்துக்கொண்டே இருந்தார். முகம் தெரியாத தூரம் போன பிறகும் அந்தக் கை மட்டும் தெரிந்தது.

மாலை நான்கரைக்கு மாட்டுத்தாவணி, ஐந்தரைக்கு செல்லூர். வீட்டுக்காரம்மா வாசலில் நின்றிருந்தார்.

"எங்கம்மா ஒங்க வீட்டுக்காரரு?"

"கடலுக்குப் போயிட்டாரும்மா. பத்து நாளாக் காத்து, இன்னிக்குத்தான் விட்டுச்சு. புதன்கெழம வந்துருவாரு."

கல்யாணப் படத்தைக் காட்டினேன். காலையில் எடுத்த படகு வீடியோவையும் காட்டினேன். அதை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். "பாவம், கையக் கீழ போடவே இல்லையே" என்றார். உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். இவ்வளவு எளிதா என்று நினைத்தேன். என் பையிலிருந்து ஐஸ் தண்ணீர் படியில் சொட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் அவர் பார்த்தார்.

"பையில என்னம்மா?"

"மீனும்மா."

தணிந்த குரலில்தான் சொன்னார்: "நீ வெளிய என்ன சாப்பிட்டாலும் எங்களுக்கு ஒண்ணுமில்ல. இந்த வீட்டு அடுப்புல மீன் ஏறக் கூடாது. எங்களுக்கு ஒத்துக்காது."

"அவரு மீன் பிடிக்கிறவரும்மா."

"நல்ல தொழில்தான். யாரு இல்லன்னா? இங்க கொண்டாரக் கூடாது, அம்புட்டுதான்."

முனீஸ் அந்தப் படியில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். கையில் தான் பிடித்த மீனோடு, வாசலிலேயே. சாவியைத் திரும்பக் கொடுத்தேன்.

"கோவிச்சுக்கிட்டியா?"

"இல்லம்மா. வேற வீடு பாத்துக்கிறேன்."

விடுதியிலும் மீன் சமைக்க முடியாது. மேலூர் வண்டி ஏறி அம்மா வீட்டுக்குப் போனேன். நடத்துநர் பையைப் படிக்கட்டுப் பக்கம் வைக்கச் சொன்னார். அம்மா மிளகாய் அரைத்து வறுத்துக் கொடுத்தாள். பாரைக்குஞ்சில் முள் குறைவு. கடல்மீனுக்கு இருக்கும் இனிப்பு எங்கள் கண்மாய் மீனுக்கு வராது. வீடு அமையவில்லை என்று முனீஸுக்கு அனுப்பிய செய்தி புதன்கிழமை வரை ஒற்றை டிக்கோடு நின்றது.

இப்போதும் ஞாயிறுதோறும் வீடு பார்க்கிறேன். வாடகையை இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். மீன் பற்றிய முதல் கேள்வியோடே நான் திரும்பிய வீடுகள் மூன்று. மாலையில் வேலை முடிந்ததும் விடுதி மொட்டை மாடிக்குப் போவேன். மதுரையில் இலைகூட அசைவதில்லை. புழுக்கத்தில் எல்லோரும் காற்றுக்கு ஏங்கிக்கொண்டு நிற்பார்கள். நான் போனில் மன்னார் வளைகுடா வானிலையைத் திறப்பேன். பலத்த காற்று, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தால், அது சேகர் அண்ணன் வீட்டுக்கு எப்படிப்பட்ட செய்தி என்று தெரிந்தும், மறுநாள் மாட்டுத்தாவணிக்கு உடுத்திப் போக நல்ல சேலை ஒன்றை எடுத்து வைப்பேன்.