கார்ல் வீட்டுச் செடிக்கு நல்ல தண்ணீர்

கனடாவில் ஹாமில்டனுக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது பனி இல்லை. பக்கத்து வீட்டு கார்ல் சமையலறைக் குழாயைத் திறந்து, தண்ணீரை அப்படியே டம்ளரில் பிடித்து மடக் மடக்கென்று குடித்ததுதான். காய்ச்சவில்லை, வடிகட்டவில்லை, மோந்துகூடப் பார்க்கவில்லை. குடித்த கையோடு என்னைக் கீழே நிலவறைக்கு அழைத்துப் போனார். சுவரில் ஓர் ஆர்.ஓ. மெஷின் மாட்டியிருந்தது. வடசென்னைக் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டில் இருப்பதைவிடப் பெரியது. யாருக்கு இது என்று கேட்டேன். கார்ல் ஒரு திரையை விலக்கினார். கண் கூசும் வெள்ளை வெளிச்சத்தில், நான்கு தொட்டிகளில், இடுப்பு உயரத்துக்கு நான்கு கஞ்சாச் செடிகள். மனிதன் குழாய்த் தண்ணீர் குடிக்கிறான், செடி ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஊரில் இதைப் படிப்பவர்கள் பதற வேண்டாம். இந்த ஊர்ச் சட்டப்படி வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம். கார்ல் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், புகைப்பழக்கம்கூடக் கிடையாது. செடி அவர் மனைவி ஹெலனுக்காக. புற்றுநோய் சிகிச்சையில் நோய் போய்விட்டது, ஆனால் கை கால் நரம்புகளில் எரிச்சல் தங்கிவிட்டது. போர்வை பட்டாலே துடிப்பாள். கடையில் வாங்கிய எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டருக்குத் தெரிந்தே, கார்ல் முந்தைய அறுவடையில் காய்ச்சிய எண்ணெய் ஒன்றுதான் அவளைத் தூங்க வைத்தது. அந்தப் புட்டியில் எண்ணெய் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடுத்த எண்ணெய் இந்த நான்கு செடிகள் பூத்து முடித்தால்தான்.

கார்ல் தண்ணீரைத் தயார் செய்வதைப் பார்க்கவே நான் அடிக்கடி போவேன். வாளியில் ஆர்.ஓ. தண்ணீர் பிடிப்பார், உரத்தைக் கலக்குவார், பேனா போன்ற மீட்டரை முக்குவார். பி.எச். என்பது தண்ணீர் புளிப்புப் பக்கம் சாய்ந்திருக்கிறதா, காரப் பக்கமா என்று சொல்லும் எண். ஏழு நடு. இந்தச் செடிக்கு ஆறை ஒட்டி இருக்க வேண்டும். ஏழைத் தாண்டி ஏறிவிட்டால், உரம் வேரடியிலேயே கிடந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இலை போட்டுப் பரிமாறிவிட்டு வாயைக் கட்டிவிட்ட மாதிரி. கார்ல் இரண்டு சொட்டு அமிலம் விடுவார். மீட்டரில் எண் கடகடவென்று இறங்கும். குழாய்த் தண்ணீரில் அதே இரண்டு சொட்டை விட்டுக் காட்டினார். எண் அசையவே இல்லை. "இதில் சுண்ணாம்பும் உப்பும் இருக்கிறது, அதனால் பிடிவாதம் பிடிக்கும். சுத்தமான தண்ணீர் சொன்னபடி கேட்கும்" என்றார். இரண்டு டம்ளரும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. தண்ணீருக்கு உள்ளே இவ்வளவு நடக்கிறதா என்று மெய்யாகவே சிலிர்த்துப் போனேன்.

இத்தனைக்கும் நான் தண்ணீரைப் பற்றித் தெரியாத வீட்டில் பிறந்தவன் இல்லை. எங்கள் அடிபம்புத் தண்ணீர் குடத்தில் விழும்போது பளிங்கு மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகும். ஆறியதும் மேலே எண்ணெய்ப் படலம்போல் மினுங்கும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வெள்ளைச் சட்டை இரண்டே துவைப்பில் பழுப்பாகும். ஆகவே எங்கள் வீட்டில் தண்ணீருக்கெல்லாம் வேலை பிரித்திருந்தோம். லாரித் தண்ணீர் சமையலுக்கு. பம்புத் தண்ணீர் குளிக்க. ஆர்.ஓ. வந்த பிறகு அது குடிக்க மட்டும். அந்த மெஷின் கழித்துவிடும் தண்ணீரை யாரும் சாக்கடையில் விட மாட்டோம். வாளி வைத்துப் பிடித்துத் தரை துடைப்போம், மீதியைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவோம். எண்ணூர்ப் பக்கம் போனாலும் மணலி புதுநகர் போனாலும் ஆர்.ஓ. இருக்கும் வீட்டில் அதன் பக்கத்தில் ஒரு வாளி இருக்கும். நல்லது மனிதனுக்கு, மிஞ்சியது செடிக்கு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

போன இலையுதிர் காலத்தில் என் அக்கா தனம் என்னோடு சில மாதம் இருக்க வந்தாள். காசிமேட்டில் மீன் எடுத்துக் காலடிப்பேட்டை மார்க்கெட்டில் விற்பவள். வந்த மூன்றாம் நாளே கார்ல் வீட்டு நிலவறையைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாடா நைனா, கஞ்சாவா? போலீசு வந்து நம்மளையும் சேத்து அள்ளிகினு பூட்டா இன்னா பண்றது?"

"இங்க அது தப்பில்லக்கா. அந்தம்மாவுக்கு மருந்து."

அக்கா தொட்டிக்குள் விரலை விட்டுத் துழாவினாள். "டேய், இது மண்ணே இல்ல. நம்ம ஊரு தேங்கா நாரு. இத்த போயி இம்மாந்தூரம் இஸ்துகினு வந்து கீறானே மனுசன்." பிறகு ஹெலனின் படுக்கையருகில் போய் உட்கார்ந்தாள். இருவருக்கும் பொது மொழி கிடையாது. ஆனால் அன்றிலிருந்து தினமும் போனாள். கார்லும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார். அதுதான் அவள் பெயர் என்று நினைத்திருந்தார்.

ஒரு வாரம் ஹெலனை டொரன்டோ மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கார்லும் உடன் போனார். போகும்போது சாவியை என்னிடம் கொடுத்து, "மெஷின் தண்ணீரை மட்டும் கொடுங்கள். உரம் தொட்டியிலேயே இருக்கிறது, அமிலச் சொட்டை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நான் வேலை பார்க்கும் கிடங்கில் எனக்கு அந்த வாரம் இரட்டை ஷிப்டு. அக்காவிடம் சாவியைக் கொடுத்து, மெஷின் தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொன்னேன். தலையாட்டினாள்.

கார்ல் திரும்பி வந்த அன்று என்னைக் கூப்பிட்ட குரலே சரியில்லை. அக்காவோடு ஓடினேன். செடிகளின் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் வெளிறி மஞ்சளாகத் தொங்கின. நுனிகள் தீய்ந்திருந்தன. பூக்கத் தொடங்கிய மொட்டுகள் அப்படியே நின்றுவிட்டன.  மெஷினின் கழிவுக் குழாய் சாக்கடையிலிருந்து எடுக்கப்பட்டு ஒரு வாளிக்குள் விடப்பட்டிருந்தது. கார்ல் அந்த வாளியில் மீட்டரை முக்கினார். எட்டைத் தாண்டிப் போய் நின்றது.

"இன்னாக்கா ஊத்துன?"

"மிசின் தண்ணிதான். இந்தாண்ட கொழாய்ல வர்றது. அந்தாள் பாட்டுக்கும் அத்த சாக்கடைல வுட்டுகினு கீறான், வேஸ்டாப் போவுதேன்னு புட்ச்சி ஊத்தினேன்."

"அப்ப நல்ல தண்ணி?"

அக்கா எங்களைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். மேடையெல்லாம் பாத்திரம். கார்ல் வீட்டுச் சூப்புச் சட்டி, கண்ணாடி ஜாடி, கேக் டப்பா, என் வீட்டிலிருந்து தூக்கி வந்த இரண்டு குடம் எல்லாவற்றிலும் ஆர்.ஓ. தண்ணீர் நிரப்பி, தட்டும் துணியும் போட்டு மூடி வைத்திருந்தாள். "சீக்காளி அந்தம்மா. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தா நல்ல தண்ணி குடிக்கட்டும்னு எட்த்து வெச்சேன். செடிக்கு யாராவது இத்த ஊத்துவாங்களா? அந்தாளு பெருமைக்குச் சொல்றாருன்னு நென்ச்சேன்."

நான் மொழிபெயர்த்தேன். தண்ணீரிலிருந்து மெஷின் பிரித்துத் தள்ளிய சுண்ணாம்பும் உப்பும்தான் அந்தக் கழிவில் கெட்டியாகச் சேர்ந்திருக்கும் என்று கார்ல் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். அக்கா தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தம்மா தூக்கத்த நானே கெட்த்துட்டனே நைனா. பேஜாராப் பூட்ச்சே."  கார்ல் ஒவ்வொரு மூடியாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிக் குடத்தருகில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டையின் கையை மடித்துவிட்டு, "தொட்டிகளைக் கழுவ நிறைய சுத்தத் தண்ணீர் வேண்டும். மெஷின் சொட்டுச் சொட்டாகத்தான் தரும். இன்றைக்கே வேண்டிய அளவு அக்கா பிடித்து வைத்திருக்கிறார்" என்றார்.

மூவரும் பாத்திரங்களை நிலவறைக்கு இறக்கினோம். கார்ல் ஒவ்வொன்றிலும் துளி உரம் கலந்து, சொட்டு விட்டு, எண்ணைச் சரிபார்த்துக் கொடுத்தார். அக்கா பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் மெதுவாக ஊற்றினாள். நார் உப்பைக் கக்கியது. தொட்டியின் அடியில் வழிந்த நீரில் கார்ல் மீட்டரை வைத்தார்; எட்டு, ஏழரை, ஏழு என்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அக்காவுக்கு எண் படிக்கத் தெரியும். இறங்க இறங்க அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது. "பாத்தியா நைனா, கண்ணுக்கே தெரியாத வெஷம், கண்ணு முன்னாலயே போவுது" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கோயில் கருவறை முன் நிற்பதுபோல் நின்றேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மஞ்சளான இலைகள் பச்சைக்குத் திரும்பவில்லை. ஒரு செடி போயே போய்விட்டது. மற்ற மூன்றிலும் நுனியில் புதிதாக வந்தவை பச்சையாக வந்தன, மொட்டுகள் மறுபடி பருத்தன. ஆனால் அறுவடை தள்ளிப்போனது. நடுவில் பழைய புட்டி தீர்ந்தது. ஹெலன் தூங்காத அந்த வாரங்களில் அக்கா அவள் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள், தொட்டால் வலிக்கும் என்பதால் தொடாமல். விசா முடிந்து விமானம் ஏறும்போதும் எண்ணெய் காய்ச்சி ஆகவில்லை. "தூங்கிட்ச்சின்னா ஒடனே போன் போடுடா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பனி கொட்டிய ஒரு மாலையில் கார்ல் என் பின்வாசலைத் தட்டினார். "புது எண்ணெயில் ஹெலன் நேற்று இரவு முழுவதும் தூங்கினாள். நான்தான் பயந்து எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்." வாயெல்லாம் பல். சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லத் தெருவில் இறங்கிவிட்டார். நான் அக்காவை அழைத்தேன். அங்கே விடிந்துகொண்டிருந்தது, அவள் தெருமுனையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றிருந்தாள்.  செய்தியைக் கேட்டதும் வரிசையைப் பார்த்துக் கத்தினாள்: "அந்தம்மா தூங்கிட்ச்சாம்டீ!" முகமே தெரியாத ஹெலனுக்காகப் பத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது. ஒருத்தி, "இன்னா மருந்துன்னு கேளுக்கா, எங்க மாமியாரும் தூங்காம கெடக்குது" என்றாள்.

அக்கா குரலை இறக்கினாள். "டேய், இன்னான்னுடா சொல்றது?"

என் சமையலறையில் யாருமில்லை. இருந்தும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "மூலிகைன்னு சொல்லுக்கா" என்று கிசுகிசுத்தேன். வெளியே கார்ல் பனியில் நின்று அந்தச் செடியின் பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு காதில் அது. இன்னொரு காதில், லாரி வந்துவிட்டது என்று குடங்கள் முட்டிக்கொள்ளும் சத்தம்.