மழை கேட்காத துஆ

சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் என் ஸலாம். என் பெயர் ஜைத்தூன் பீ. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் இதை இன்னொருத்தர் கையால் எழுத வைக்க எனக்கு மனசு வரவில்லை. நானே உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கோடையில் எங்கள் கிணறு உப்பாகிவிட்டது.

எங்கள் கிணறு என்றால் என் வீட்டுக் கிணறு இல்லை. உப்பளக் கரை ஓரம் ஒரு காப்பகம் இருக்கிறது. ஈசிஆரில் வண்டி அடித்துப் போட்ட நாய்கள், வேலைக்கு ஆகாது என்று அவிழ்த்துவிட்ட மாடுகள், சலவைக்காரர் விட்டுப்போன ஒரு கிழட்டுக் கழுதை, எல்லாம் அங்கே இருக்கும். அந்த இடத்தை உண்டாக்கியவள் கஸ்தூரி. பிரம்மதேசத்தில் பயிர் வைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். உப்பள மேஸ்திரி முருகேசனுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். பிள்ளை இல்லாததால் மிருகங்களை வளர்க்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. பத்துப் பிள்ளை பெற்றிருந்தாலும் அவள் இதைச் செய்திருப்பாள்.

நான் அங்கே சமைக்கிறவள். கூலிக்கு இல்லை. என் மகன் துபாயில் இருந்து போன் பண்ணுவான்.

"ஏம்மா, உனக்கு எதுக்கும்மா இந்த நாய்ப் பொழப்பு?"

"உன்ன வந்து பாத்திரம் கழுவச் சொன்னனா? நீ அரிசிய மட்டும் போடு."

திட்டிக்கொண்டே மாதாமாதம் அரிசி மூட்டைக்கு ஏற்பாடு செய்துவிடுவான். அவன் நல்ல பிள்ளை.

நாயின் நாக்கு பட்டால், ஒரு தடவை மண் போட்டு, மற்ற தடவை தண்ணீர் விட்டு, ஏழு தடவை கழுவ வேண்டும் என்பது நாங்கள் பிடித்து நடக்கிற முறை. முதல் நாளே இதைக் கஸ்தூரியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மறுநாள் காப்பகத்து வாசல் கேட்டுப் பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி நிறைய சலித்த செம்மண் வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். "பாயம்மா கைக்கு, யாரும் தொடாதீங்க" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தாள். அவள் இருந்தவரைக்கும் அந்தக் கொட்டாங்கச்சியில் மண் குறைந்து நான் பார்த்ததில்லை.

தை மாதத்தில் அவள் போய்விட்டாள். வயிற்றில் கட்டி. கடைசியாகப் பார்க்கப் போனபோது தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஐப்பசி மழை ஏமாத்திடுச்சு பாயம்மா. கோடைக்குக் கிணறு தாங்காது. அதுங்க தண்ணிக்குத் தவிக்கும்."

"நான் பாத்துக்கறேன். நீ கண்ண மூடிப் படு."

வாக்குக் கொடுத்துவிட்டேன். எப்படிப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவள் சொன்னபடியே ஆனது. பங்குனி வந்ததும் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை. சுற்றிலும் உப்பளம். நல்ல தண்ணீர் இறங்க இறங்க உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. நாய்கள் வாந்தி எடுத்தன. இரண்டு நாய்கள் இழுப்பு வந்து செத்தன. மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். "இந்தத் தண்ணிய நிறுத்துங்க, மருந்தெல்லாம் அப்புறம்" என்று சொல்லிப் போனார். முருகேசன் தன் டிவிஎஸ் வண்டியில் கேன் கட்டி ஊர்க் குழாயில் பிடித்து வந்தான். குழாயில் வருவது மனுஷருக்கே பத்தவில்லை. "நாய்க்கு ஊத்தவா எங்க குடத்த நகத்தற?" என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை. என் வீட்டுக் குழாயில் வந்ததை நானும் கொண்டுபோய் ஊற்றினேன். அத்தனை வாய்க்கு அது எந்த மூலைக்கு?

யாரிடமும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் மௌத்தாகிப் போன அன்றுகூட நான் யாரிடமும் கை நீட்டியவள் இல்லை. கேட்டால் அல்லாஹ்விடம் கேட்பேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் சாயங்காலம் முருகேசன் காலித் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தான். முகம் செத்துப் போயிருந்தது.

"நாளைக்குக் கேட்டத் தொறந்து விட்டுடறேன் பாயம்மா. எங்கனா போயி குடிச்சுப் பொழைக்கட்டும்."

"எங்க போவும்? ரோட்டுக்குத்தான போவும். ரோட்டுல இருந்துதான அவ எடுத்துட்டு வந்தா?"

அவன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டான். மேஸ்திரி என்று நாற்பது பேரை விரட்டுகிறவன், குலுங்கிக் குலுங்கி அழுதான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அஸர் தொழுதுவிட்டு உப்பளத்து வரப்பில் போய் நின்றேன். கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடையில் அப்படி ஒரு மேகத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. இரண்டு கையையும் தூக்கினேன். "யா அல்லாஹ், மழையை..." என்று ஆரம்பித்தேன்.

அதற்கு மேல் வாய் வரவில்லை.

உப்பு விளைகிற காலத்தில் மழை என்ற சொல்லையே அளத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் உப்பு வாரியவர். ஒரு சித்திரையில் ஒரே ஒரு மழை. வாரிக் குவித்த அம்பாரம் எல்லாம் கரைந்து வாய்க்காலில் போனது. அவர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த வருஷம் என் பிள்ளைகள் கஞ்சித் தண்ணீர் குடித்துத்தான் நோன்பு திறந்தார்கள். என் நாய்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்று இன்னொருத்தி பிள்ளையின் சோற்றைக் கரைக்கச் சொல்லி நான் கேட்கலாமா?

கேட்க ஆரம்பித்ததை விழுங்கினேன். "ரப்பே, மழை கேட்க எனக்கு வாயில்லை. இந்த உப்பு நனையக் கூடாது. அந்த வாயில்லா ஜீவன்களும் சாகக் கூடாது. நான் வாக்குக் கொடுத்துட்டேன். எனக்கு வழி தெரியல. உனக்குத் தெரியும்." அழுதுகொண்டே கேட்டேன்.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த செல்வி பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். வாய்க்காரி அவள்.

"யம்மா பாயம்மா! கைய எறக்கு! அம்பாரம் மூடல, ஒண்ணும் மூடல, இந்த நேரம் பாத்து மேகத்துக்கிட்ட கையேந்தறியே, நல்லாருப்பியா நீ?"

"அடிப் போடி! உப்பு வாரனவன் பொண்டாட்டிடி நான். உன் உப்பு கரையச் சொல்லிக் கேப்பனா?"

"பின்ன என்னா கேட்ட?"

"உன் உப்பு நனையாம என் நாய்ங்களுக்குத் தண்ணி குடுன்னு கேட்டேன். போ, போய் வேலையப் பாரு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். போட்ட பலகையை எடுக்கத் திரும்பிப் போனாள். மேகம் வடக்கே நகர்ந்து போய்விட்டது. ஒரு சொட்டு விழவில்லை.

மறுநாள் காலையில் கழுதை செத்துக் கிடந்தது. ராஜாத்தி என்று கஸ்தூரி பேர் வைத்திருந்தாள். அவள் குரல் கேட்டால் போதும், காதை ஆட்டிக்கொண்டு கேட்டு வரைக்கும் வரும். அவள் போன பிறகும் தினம் கேட்டில் வந்து நிற்கும். செத்ததும் கேட்டு ஓரத்தில்தான். முருகேசன் குழி வெட்டினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் துஆ எங்கேயோ காற்றில் போய்விட்டது என்று நினைத்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், அப்படித்தான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் வேலை விட்டதும் வரப்பு மேல் பெண்கள் வரிசையாக வந்தார்கள். முன்னால் செல்வி. வெயிலில் குடிப்பதற்கு ஆளுக்கு ஒரு கேன் அளத்துக்குக் கொண்டு போவார்கள். அதில் ஆளாளுக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார்கள். அந்த அனலில், தொண்டை காய வேலை செய்துவிட்டு, குடிக்காமல் மிச்சம் வைத்தது. ஒவ்வொருத்தியாகத் தொட்டியில் ஊற்றினார்கள்.

"என்னாத்துக்கு இப்பிடிப் பாக்கற பாயம்மா? எங்களுக்காக வாய அடக்கினல்ல? தொட்டிய நகத்து, ஓட்ட வழியா ஒழுவுது பாரு."

முருகேசன் ஓட்டையைக் கையால் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கேட்டை அவன் திறக்கவில்லை.

அப்புறம் தினமும் வந்தார்கள். அது பத்தாது என்று பெண்களே முதலாளியிடம் போய் நின்று, அளத்துக்குத் தண்ணீர் கொண்டு வரும் டிராக்டரைக் காப்பகத்து வாசலிலும் நிற்க வைத்தார்கள். நான் கேட்கவில்லை. எனக்காக அவர்கள் கேட்டார்கள். உப்பு வாரி முடிகிறவரைக்கும் அளத்தில் ஒரு மழை இல்லை. ஐப்பசியில் கொட்டியது. கிணறு நிறைந்தது. வாளியில் இறைத்து முருகேசன் முதல் வாயை எனக்குக் கொடுத்தான். இனித்தது. அல்ஹம்துலில்லாஹ். இதைக் கஸ்தூரி குடிக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

ராஜாத்தி சாவதற்கு ஒரு நாள் முன்னால் அந்தத் தண்ணீர் வந்திருந்தால் என்ன என்று இன்றைக்கும் கேட்கிறேன். பதில் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் சொல்ல மாட்டேன். ஆனால் முன்பு யாரையும் எதிர்பார்க்காதவள் என்று நிமிர்ந்து நடந்தேன். இப்போது அந்தப் பெண்கள் வரும் நேரத்துக்கு டீ போட்டு வைத்துக் காத்திருக்கிறேன். துஆவில் செல்வி பேரும் வருகிறது.

சகோதரிகளே, உங்களுக்கும் வழி தெரியாத நாள் வரும். வாய் கேட்கத் துணியாததையும் காதில் வாங்கிக்கொள்கிறவன் அல்லாஹ். பக்கத்து வீட்டின் சோறு கரையாமல் கேளுங்கள். அவனிடம் விட்டுவிடுங்கள்.

மழை விட்ட மறுநாள் சமைக்கப் போனேன். ஒரு நாய்க்குட்டி ஓடி வந்து கையை நக்கிவிட்டது. கஸ்தூரி போனதில் இருந்து மண்ணை நானே முந்தானையில் முடிந்துகொண்டு போவேன். அன்று மறந்துவிட்டேன். கேட்டுப் பக்கம் திரும்பினால், கொட்டாங்கச்சி நிறைய சலித்த செம்மண். பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர். முருகேசன் தூரத்தில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு தடவை மண்ணாலும் மற்ற ஆறு தடவை தண்ணீராலும் நிதானமாகக் கழுவினேன். தொழுதேன். கஸ்தூரிக்காக ஒன்று கேட்டேன். என்ன கேட்டேன் என்பது எனக்கும் என் ரப்புக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும்.