சுவாமிகள் எழுதிய துண்டு

இந்தியாவில் கல்லூரி நடத்தும் சுவாமிகள் உயர்கல்வி பற்றிப் பேசுவார் என்று நோட்டீசில் போட்டிருந்தது. லீவு போட்டுவிட்டு, தங்கச்சியோடு யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய்க்குப் போனேன்.

அன்று திங்கட்கிழமை. திங்களில் சுவாமிகள் மௌனவிரதமாம். கூட்டம் வைத்தவர்களில் ஒருவரும் இதை முன்கூட்டிக் கேட்கவில்லை.

ஆகவே சுவாமிகள் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். இலங்கை அரசாங்க சபைத் தேர்தலில் நிற்கும், கோர்ட்டில் வழக்குப் பேசும் அப்புக்காத்தர் அவருக்காக இரண்டு மணிநேரம் பேசினார்.

"சுவாமியின்ரை சிரிப்பைப் பாருங்கோ. ஆருக்கு வோட்டுப் போடவேணும் எண்டு விளங்குதெல்லோ?"

சனம் கைதட்டியது.

தங்கச்சி லண்டன் மெட்ரிக்குலேஷன் சோதனை பாஸ் பண்ணி ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறாள். 'உங்கள் கல்லூரியில் பெண்பிள்ளைகளையும் சேர்ப்பீர்களா?' என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தாள். சுவாமிகள் வாசித்து, அதன் கீழே நாலு வரி எழுதினார்.

அவள் கை நீட்டுவதற்குள் அப்புக்காத்தர் அதை வாங்கிக்கொண்டார்.

"என்னை ஆசீர்வதிச்சு எழுதியிருக்கிறார்!" என்று உயர்த்திக் காட்டினார். வாசிக்கவே இல்லை. மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். மறுபடியும் கைதட்டல். இந்தியா திரும்பும் கப்பலுக்கு நேரமாகிவிட்டதென்று சுவாமிகளைக் காரில் ஏற்றிப் போய்விட்டார்கள்.

வரும் வழியில் தங்கச்சி சொன்னாள்: "அண்ணை, எனக்கும் வோட்டு இருக்கு. கேட்டு வருவார்தானே, அப்ப அந்தத் துண்டை வாங்குவம்."

வருவார். அதே கோட்டோடு வருவாரா?

அப்புக்காத்தரின் உடுப்பு எந்த லோண்டரிக்குப் போகிறதென்று தெரிந்தவர்கள், வெளுக்கப் போடுமுன் சொல்லுங்கள்.