வெள்ளைப் பழம் சாயம் விடாது

"உம்மா மௌத்தாகிட்டா. அஸருக்கு அடக்கம்" என்று ஹம்ஸியா ராத்தாவின் மகள் தில்லையடியிலிருந்து போனில் சொன்னபோது, மதுரங்குளித் தோட்டத்தில் டிராகன் பழங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். அரைநாள் லீவு கேட்டேன். மேற்பார்வையாளர் முகத்தைச் சுளித்தார். பதினொரு வருடம் அங்கே கள்ளி வெட்டிய பெண்ணின் ஜனாஸா அது.

தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது, மன்னாரிலிருந்து தன் உம்மாவின் இடுப்பில் குழந்தையாக வந்தவர் ராத்தா. "இது எந்த ஊருப் பழம் புள்ள?" என்று ஒருநாள் கேட்டார். மத்திய அமெரிக்கா, கள்ளி இனம் என்றேன். "இதுவும் ஊர உட்டு வந்ததுதானா? இதுக்கு வந்தோடன படரத் தூணும் தண்ணியும் குடுத்திருக்கானுகள்" என்றார். அகதி முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்தவர்.

மஞ்சள் தோல் ரகம் முதலாளி வீட்டுக்கு மட்டும். மற்ற இரண்டுக்கும் தோல் சிவப்பு; ஒன்றுக்குள் வெள்ளை, மற்றதற்குள் கடும் சிவப்பு. விட்டமின் சி, நார்ச்சத்து, இரும்பு என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும். வெடித்த பழம்தான் எங்களுக்கு. முதன்முதலில் சிவப்பைத் தின்ற மறுநாள், சிறுநீர் சிவந்ததென்று ராத்தா ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பழத்தின் சாயம் என்று தாதி சிரித்து அனுப்பினாராம். "உள்ளுக்குப் போயும் லிப்ஸ்டிக் பூசுது மா" என்று எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வேனில் சொன்னார். அன்றிலிருந்து அது எங்கள் வேனின் பகிடி.

இந்த வருடமும் ஒரு காலையில், "இன்டைக்கும் லிப்ஸ்டிக்" என்றார். சிரித்தோம். அடுத்த வாரமும் சொன்னார், சிரித்தோம். இடுப்பு வலி வந்து படுத்த பிறகுதான் போய்க் காட்டினார். சிறுநீரகத்தில் புற்றுநோய், பரவிவிட்டது என்றார்கள்.

அடக்கம் முடிந்து திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வாரங்களில் சிவப்பு வரிசைகள் காய்க்கவில்லை. கூடையில் கிடந்தது வெள்ளை மட்டும். வெள்ளைப் பழம் சாயம் விடாது. வேனில் பதினான்கு பேர் இருந்தோம், ராத்தாவையும் சேர்த்து. எல்லோருக்கும் ரகம் பிரிப்பதுதான் தொழில். எந்தப் பழம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைத்தான் அவர் நினைவாக வைத்துக்கொண்டிருக்கிறேன். போன கிழமை பின் சீட்டில் ஒருத்தி, "எனக்கும் லிப்ஸ்டிக்" என்றாள்.

"வெள்ளையா, சிவப்பா?"

யோசித்தாள். "வெள்ளை."

யாரும் சிரிக்கவில்லை. வேனை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பச் சொன்னோம். பதின்மூன்று பேருக்கும் அரைநாள் சம்பளம் வெட்டினார்கள். வெட்டட்டும்.